பாதைக்கும் உரிமை உண்டு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்றுவிட்டது. உணவு வேளை நெருங்குவதையும் அறிவேன். ஆயினும் செயலாளர் அவர்கள் எனக்களித்த இருபது நிமிடங்களில், எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஒரு கடனைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். அது, சாலையில் நடக்கும்போது நாம் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன்.

என்னைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அரசுப் பேருந்தில் ஓட்டுநராகப் பணியில் சேர்ந்து, பின்னர் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலத்திலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர் என்று இந்தச் சமவெளியின் சாலைகளில்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. நமது பகுதி வண்டிகளை நம்பிப் பிழைக்கும் பகுதி. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியா முழுவதும் செல்கின்றன. சங்ககிரியின் பெயரைச் சொன்னாலே லாரிதான் நினைவுக்கு வரும். எனவே ஸ்டியரிங் பிடித்திருப்பவர் நமக்கு அந்நியர் அல்லர். அவர் நம் அண்டை வீட்டார்; பல வேளைகளில் நம் உடன்பிறந்தார். சாலையில் எங்கே ஒரு விபத்து நடந்தாலும், வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பவர்கள் நம்மைப் போன்றவர்களே.

ஒரு நோன்பு மாலை

சில ஆண்டுகளுக்கு முன் ரமலான் மாதத்தில், நம் பள்ளிவாசலுக்கு எதிரே நடந்த விபத்து உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அஸர் தொழுகைக்குப் பின் கஞ்சி வாங்குவதற்காக வழக்கம்போல் பெரும் கூட்டம். அப்பொழுது கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன், தூக்குவாளியில் கஞ்சி வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தான். மொபெட்டின் பின்புறம் பத்து அட்டை முட்டைகளைக் கட்டிக்கொண்டு, கடைகளுக்குப் போடும் ஒரு வியாபாரி வந்தார். பையன் மீது மோதிவிடாமல் இருக்க அவர் வண்டியைத் திருப்பினார். முழுவதும் தப்ப முடியவில்லை. பையனின் வலது கால் எலும்பு முறிந்தது. வியாபாரியின் இடது மணிக்கட்டு முறிந்தது. முந்நூறு முட்டைகளும் ஒரு தூக்குக் கஞ்சியும் தார்ச்சாலையில் ஒன்றாகக் கலந்து ஓடின.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். பையன் கைபேசியில் பேசிக்கொண்டே நடந்தான் என்பதும் தெரியும். யாருடன் பேசிக்கொண்டிருந்தான் என்பது தெரியாது. அவன் என்னுடன்தான் பேசிக்கொண்டிருந்தான்.

நான் வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அவன் எங்கே சென்றிருக்கிறான், எந்தச் சாலையைக் கடந்து வர வேண்டும் என்பதெல்லாம் நான் அறிந்ததே. "கஞ்சி வாங்கிட்டியா தம்பி? வரும்போது அப்படியே வடை வாங்கிட்டு வா" என்றேன். "சரி மாமா, எத்தனை?" என்று கேட்டான். எண்ணிக்கையை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. பிறகு நடந்த கூச்சலையும் கேட்டேன்.

நான் ஓடி வந்து சேர்ந்தபோது, பையனைச் சிலர் தூக்கிக்கொண்டிருந்தனர். வேறு சிலர் அந்த வியாபாரியின் சட்டையைப் பிடித்திருந்தனர். அவருக்கு இரண்டு அறைகளும் விழுந்தன. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாலையில் அமர்ந்திருந்தார். "பையனுக்கு ஒண்ணுமில்லையேங்க?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அடித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். நோன்பின் களைப்பும், நம் பிள்ளை அடிபட்டுவிட்டான் என்ற பதற்றமும் அவர்களை அப்படிச் செய்ய வைத்தன. ஆனால் அந்த இடத்தில், "அவரை விடுங்கள், தவறு என்னுடையது" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையனோடு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன்.

அன்றிரவு மருத்துவமனையில் உறவினர் ஒருவர், "வண்டி வேகமாக வந்து மோதியது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், செலவுக்கு ஆகும்" என்று யோசனை சொன்னார். வண்டியோட்டிகளுக்குப் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் நான். சக்கரம் தேய்த்த தடத்தைப் பார்த்த உடனே, அந்த மொபெட் வேகமாக வரவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நமக்கோ நம் நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் நீதியுடன் சாட்சி சொல்ல வேண்டும் என்பது இறைமறையின் கட்டளை. மறுநாள் காலை காவல் நிலையத்தில் உண்மையைச் சொன்னேன். என் தங்கையிடமும் சொன்னேன். அவள் பல நாட்கள் என்னுடன் பேசவில்லை. உடைந்த முட்டைகளுக்கும் அவருடைய மருத்துவத்திற்கும் உரிய தொகையை அந்த வியாபாரியின் வீட்டில் கொடுத்தேன். ஆனால் அவரை அடித்த இந்தத் தெருவில், இந்த மஹல்லாவில், இன்றுவரை வாய் திறக்கவில்லை. இன்று சொல்லிவிட்டேன். அவரைப் பற்றித் தவறாக எண்ணியிருந்தவர்கள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்த்தும் காணாத கண்

கைபேசியில் பேசிக்கொண்டு நடப்பவருக்குக் கண் திறந்துதானே இருக்கிறது, வண்டி தெரியாமலா போகும் என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து, 2010-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். வளாகத்தின் நடுவிலுள்ள திறந்த வெளியில், பளபளக்கும் உடையும் பெரிய சிவப்பு மூக்கும் அணிந்த கோமாளி ஒருவரை ஒற்றைச் சக்கர வண்டியில் சுற்றி வரச் செய்தனர். அவ்வழியே நடந்து சென்றவர்களிடம், "கோமாளியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டனர். கையில் எதுவுமின்றித் தனியாக நடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பார்த்திருந்தனர். இருவராகச் சேர்ந்து பேசிக்கொண்டு நடந்தவர்களில் 71 சதவீதத்தினர் பார்த்திருந்தனர். கைபேசியில் பேசிக்கொண்டு நடந்தவர்களிலோ 25 சதவீதத்தினரே பார்த்திருந்தனர். நால்வரில் மூவர், தம் கண்ணெதிரே சுற்றிய கோமாளியைக் காணாமலே சென்றுவிட்டனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கெடுதல் பேச்சினால் வரவில்லை. அருகில் நடப்பவருடன் பேசினால் அவருக்கும் சாலை தெரிகிறது. வண்டி வந்தால் கையைப் பிடித்து நிறுத்துகிறார். கைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. அவர் பேசிக்கொண்டே போகிறார். அன்று வடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எனக்கு மொபெட் தெரியவில்லை அல்லவா?

இனி வண்டியின் பக்கமிருந்து பார்ப்போம். பயிற்சிக்கு வரும் ஓட்டுநர்களுக்கு நான் முதல் நாளே சொல்லும் கணக்கு இது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கைபேசியில் வந்த செய்தியைப் பார்க்க இரண்டு நொடிகள் தலையைக் குனிந்தால், அதற்குள் வண்டி 33 மீட்டர் வந்துவிடும். மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் உண்டாகும் நீளம் அது. தூரத்தில் தெரிந்த லாரி, நீங்கள் நிமிரும்போது அருகில் நிற்கும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கின் மீது காலை வைப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டியின் வேகம் குறையத் தொடங்கும். பாரம் ஏற்றிய லாரி நிற்பதற்கு இன்னும் நெடுந்தூரம் வேண்டும். முன்பாவது எஞ்சின் சத்தம் நம்மை எச்சரித்தது. இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றி வருகின்றன. காதிலும் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டால் கண்ணும் காதும் சேர்ந்தே அடைபட்டுவிடுகின்றன.

பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அறிவுறுத்தியதையும், தவிர்க்க இயலாதெனில் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு கூறியதையும் இமாம் அவர்கள் பலமுறை இந்த மிம்பரிலிருந்து விளக்கியிருக்கிறார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும், ஸலாமுக்குப் பதில் கூறுவதும் அவ்வுரிமைகளுள் அடங்கும். இன்று நம் இளைஞர்கள் பார்வையை நன்றாகவே தாழ்த்துகிறார்கள். கைபேசித் திரையின் மீது தாழ்த்துகிறார்கள்! ஸலாம் சொன்னாலும் காதில் விழுவதில்லை. நடைபாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை எனக் கற்றவர்கள் நாம். நாமே பாதையில் முள்ளாகிவிடலாகாது.

பழி யார் மீது?

இவ்வாறு கூறும்போது ஓர் அநீதி நேர்ந்துவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும். கைபேசியைக் காரணம் காட்டி, நடப்பவர் மீதே எல்லாப் பழியையும் போட்டுவிடுவது எளிது. அது உண்மையன்று.

மத்திய அரசின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 90 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்து, 17,884 பேர் மாண்டனர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். நடந்து சென்று மாண்ட இத்தனை பேரும் கைபேசி பார்த்துக்கொண்டா நடந்தார்கள்? நெடுஞ்சாலையைக் கடந்து வயலுக்குச் சென்ற கூலித் தொழிலாளியும், பேருந்தை விட்டிறங்கிய மூதாட்டியும், பள்ளிச் சிறுவனும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குக் கடக்க ஒழுங்கான இடமில்லை, நடக்க நடைபாதையில்லை.

நடப்பவர் கவனக்குறைவாக இருந்தால் பெரும்பாலும் அவருக்கே ஆபத்து. வண்டியோட்டி கவனக்குறைவாக இருந்தால் பிறருக்கு ஆபத்து. ஆகவே யாருடைய கையில் அதிக எடையும் வேகமும் இருக்கின்றனவோ, அவர் மீதே பெரும் பொறுப்பு. வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை, 2019-ஆம் ஆண்டின் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்த்தது. அதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. அப்பிரிவு வண்டியோட்டுபவருக்கே உரியது. தலைக்கவசத்துக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தபடி ஓட்டும் நம் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் நடப்பவருக்கும் விதி செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹோனலூலு நகரில், திரையைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்தால் அபராதம் என்னும் சட்டம் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானின் யமாட்டோ நகரம் 2020 ஜூலையில் இத்தகைய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; ஆனால் தண்டனை எதுவும் வைக்கவில்லை. மக்கள் உணர்ந்தால் போதும் என்று கருதியது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 2016-ஆம் ஆண்டில், டிராம் வரும் இடங்களில் குனிந்து நடப்பவர்களின் கண்ணில் படும்படி தரையிலேயே சிவப்பு விளக்குகளைப் பதித்தனர். மனிதர் நிமிர மறுத்தால் விளக்கு கீழே இறங்க வேண்டியதாயிற்று!

நம் நாட்டில் நடப்பவரின் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் சென்றவர்களில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உண்டு. கோயம்புத்தூரின் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், 2012-ஆம் ஆண்டில் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, அதற்கான நெறிமுறைகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனவே நடைபாதை கேட்பது சலுகை கேட்பதாகாது. அது நம் உரிமை.

ஆனால் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைகளில் நம் பள்ளிவாசலின் முன்னுள்ள நடைபாதையில் நிற்கும் இருசக்கர வண்டிகள் யாருடையவை?

நாம் செய்யக்கூடியவை

தொழுகைக்கு முன், "கைபேசிகளை அணைத்துவிடுங்கள்" என்று தவறாமல் அறிவிக்கிறோம். நாமும் அணைத்துவிடுகிறோம். தொழுகை முடிந்ததும் என்ன நடக்கிறது? செருப்பை மாட்டும்போதே கை சட்டைப் பைக்குள் போகிறது. படியிறங்கும்போது கைபேசி உயிர் பெறுகிறது. விடுபட்ட அழைப்புகளும், வாட்ஸ்அப் செய்திகளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுகின்றன. நூற்றுக்கணக்கானோர், தலை குனிந்தபடி, ஒரே நேரத்தில் சாலையில் கால் வைக்கிறோம். பள்ளிவாசலுக்குள் இருந்தவரை காத்துவந்த கவனத்தை, அது மிகவும் தேவைப்படும் இடத்தில் இழந்துவிடுகிறோம்.

எனவே நிர்வாகக் குழுவின் பார்வைக்குச் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, ஜும்ஆ முடிந்தவுடன் இன்னோர் அறிவிப்பு வேண்டும்: "சாலையைக் கடந்த பிறகே கைபேசியைத் திறங்கள்." இதற்குச் செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புகளை ஜும்ஆ முடிந்த அரை மணி நேரத்திற்குப் பின் வெளியிடலாம். ஜனாஸா அறிவிப்பாயின் பள்ளிவாசலுக்குள்ளேயே சொல்லிவிடலாம். ஒரு ஜனாஸா செய்தியைப் படித்துக்கொண்டே மற்றொருவர் சாலையில் அடிபடலாகாது.

மூன்றாவது, வெள்ளிக்கிழமைகளிலும் ரமலான் மாலைகளிலும் வாசலில் நான்கு இளைஞர்கள் நின்று, வண்டிகளை நடைபாதையில் நிறுத்தவிடாமல் பின்புறத் திடலுக்கு அனுப்பலாம். சிறுவர்களையும் முதியோர்களையும் கைபிடித்துச் சாலையைக் கடக்கச் செய்யலாம். கஞ்சி வாங்க வரும் பிள்ளைகளுக்கு மதரஸா உஸ்தாத் ஒரு நாள் பாடமாகவே இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

நான்காவது, பள்ளிவாசலுக்கு எதிரே கோடிட்ட நடைக்கடவையும் வேகத்தடையும் தெருவிளக்கும் வேண்டி, எல்லாச் சமுதாயத்தினரின் கையொப்பமும் பெற்று, நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஜமாஅத் மனுக் கொடுக்க வேண்டும். எதிர்ச் சாரியிலுள்ள கடைக்காரர்களும் கோயிலுக்குச் செல்வோரும் நம்முடன் கையொப்பமிடுவார்கள். அச்சாலையை அவர்களும்தான் கடக்கிறார்கள்.

ஐந்தாவது, விபத்து நடந்துவிட்டால் யார் மீதும் கை வைக்கக் கூடாது. முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லா வசதி உண்டு. உதவி செய்பவரை வழக்கு வம்புகளிலிருந்து காக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவும் உண்டு. எனவே அஞ்சி ஒதுங்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, என்னைப் போல் வீட்டில் அமர்ந்து அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வெளியே சென்றிருக்கும்போது அழைக்க நேர்ந்தால், முதல் கேள்வி "ரோட்டிலா இருக்கே?" என்பதாக இருக்கட்டும். "ஆமாம்" என்றால், "ஓரமா நின்னுட்டு நீயே கூப்பிடு" என்று சொல்லி உடனே துண்டித்துவிடுங்கள். கணவரை அழைக்கும் சகோதரிகளுக்கும், வேலையாளை அழைக்கும் முதலாளிகளுக்கும், லாரியில் செல்லும் ஓட்டுநரை நொடிக்கொரு தரம் அழைக்கும் உரிமையாளர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் கோபிக்காதீர்கள். எடுக்காத பிள்ளை பத்திரமாகச் சாலையைக் கடந்துகொண்டிருக்கிறான் என்று எண்ணி மகிழுங்கள்.

என் தங்கை மகன் இப்பொழுது நன்றாக நடக்கிறான். குளிர் காலத்தில் மட்டும் கால் வலிக்கும். அந்த முட்டை வியாபாரியின் மணிக்கட்டு முழுவதும் வளைவதில்லை. ஆயினும் அதே தொழிலைத்தான் செய்து வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் நம் பள்ளிவாசலை நெருங்கும்போது, அவர் மொபெட்டை நிறுத்தி, கீழே இறங்கி, நம் வாசலைக் கடக்கும்வரை அதைத் தள்ளிக்கொண்டே நடந்து செல்கிறார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று எந்தத் தவறும் செய்யாதவர் அவர். அவர் நமக்காக வண்டியை விட்டு இறங்குகிறார். நாம் அவருக்காக, அந்த இருபது அடி தூரம், கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கலாம் அல்லவா?